தலைமாட்டில் நிற்பவர்

அப்பா: ...நாலாவது கேள்வி என்னன்னு திரும்பச் சொல்லு.

மகள்: உங்க கையில பேப்பர் இல்லையா? பெரிய எழுத்துல எழுதித்தானே அனுப்பினேன்.

அப்பா: இருக்கு. கண்ணாடியை எங்கயோ வெச்சுட்டேன்.

மகள்: நெத்தியில தடவிப் பாருங்க.

அப்பா: ...ம். இருக்கு. ஆனாலும் நீயே படி. டாக்டருக்குப் படிச்சதும் படிச்சே, கோழி கிளறின மாதிரி ஆயிடுச்சு உன் எழுத்து.

மகள்: நாலாவது... பி.ஜி. படிக்கிறவங்க மயக்கம் குடுக்கும்போது பெரிய டாக்டர் கூட நிக்கிறாங்களா, இல்லை தனியா விட்டுட்டுப் போயிடறாங்களா?

அப்பா: தனியாத்தான் விடறானுங்க. எழுதிக்க. தனியா.

மகள்: யார் சொன்னா?

அப்பா: யாரும் சொல்ல வேணாம். நானே பாத்தேன். நம்ம ஊர் ஆஸ்பத்திரி உனக்கு வேணாம், பாப்பா. நீ போய்ப் பாத்துட்டு வந்தியே, அந்தப் பெரிய ஆஸ்பத்திரி, மேல்படிப்பு லிஸ்ட்ல அதையே முதல்ல போடு. லிஸ்ட்டை எத்தனை மணிக்கு மூடறாங்க?

மகள்: அஞ்சு மணிக்கு. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. அதுவரைக்கும் மாத்தலாம்.

அப்பா: மாத்தறது என்ன மாத்தறது, போடு. போட்டுட்டுக் கூப்பிடு.

மகள்: இருங்கப்பா, வெச்சுடாதீங்க. என் மார்க்குக்கு ரெண்டு இடத்துலயும் சீட் கிடைக்கும். எதை முதல்ல போடறேனோ அங்கதான் மூணு வருஷம். அதனாலதானே உங்களைப் போய்ப் பாக்கச் சொன்னேன்? பேப்பரை வரிசையா முடிச்சுடுவோம்.

அப்பா: முடி. அடுப்புல பால் வெச்சிருக்கேன்.

மகள்: பொங்கிடப் போகுது.

அப்பா: இன்னும் பத்த வெக்கலை. நீ கேளு.

மகள்: அங்க படிக்கிறவங்க யார்கிட்டயாவது பேசினீங்களா? மூணு பேர்கிட்டயாவது பேசுங்கன்னு சொல்லியிருந்தேன்.

அப்பா: படிக்கிறவன் உண்மையைச் சொல்லுவானா? பின்னாலயே வாத்தியார் நிப்பான். நான் வாட்ச்மேன்கிட்ட கேட்டேன், கேன்டீன்ல கேட்டேன், தரை துடைக்கிற அம்மாகிட்ட கேட்டேன். ஒரு இடம் எப்படின்னு தெரியணும்னா அங்க கூட்டிப் பெருக்கறவங்களைக் கேக்கணும்.

மகள்: சரி, அந்த அம்மா என்ன சொன்னாங்க?

அப்பா: மயக்க டாக்டருங்க செருப்பை ஒழுங்கா வரிசையா விடுவாங்களாம். கத்தி பிடிக்கிறவனுங்கதான் ஆளுக்கு ஒரு பக்கம் உதறிட்டுப் போவானுங்களாம்.

மகள்: இதை எந்தக் கேள்விக்குக் கீழே எழுத?

அப்பா: கிண்டலா?

மகள்: இல்லைப்பா, நிஜமாவே எழுதிக்கிறேன். ...எழுதிட்டேன். அடுத்தது, ராத்திரி டூட்டி முடிஞ்சா மறுநாள் லீவு குடுக்கிறாங்களா?

அப்பா: குடுக்கிறாங்க. ஆனா போறதில்லை.

மகள்: யார் போறதில்லை?

அப்பா: சிலதுங்க. அதை விடு. நீ போன இடத்தைப் பத்திச் சொல்லு. அங்க எப்படி?

மகள்: பெரிசுப்பா. இருபத்திரண்டு ஆபரேஷன் தியேட்டர். நடந்தா கால் வலிக்குது. எல்லா மெஷினும் புதுசு. ஒரு பொம்மை வெச்சிருக்காங்க, ஆள் உயரத்துக்கு. மூச்சு விடுது, கண் சிமிட்டுது. நாம தப்பா மருந்து குடுத்தா உதடு நீலமா மாறுது.

அப்பா: பொம்மைக்கு?

மகள்: பொம்மைக்குத்தான். நான் மூச்சுக்குழாய்க்குப் போட்ட ட்யூப் வயித்துக்குள்ள போயிடுச்சு. செத்துப் போச்சு.

அப்பா: போன அன்னைக்கே கொலை பண்ணிட்டியா! சபாஷ்.

மகள்: ஒரு பட்டனைத் தட்டினாங்க, எழுந்து கண்ணைச் சிமிட்டுச்சு.

அப்பா: பாத்தியா, அதான் உனக்குச் சரியான இடம். துறைமுகத்துல கிரேன் ஓட்டக் கத்துக்கிட்டப்போ எனக்கு ஒரு பொம்மைக் கப்பல் குடுத்திருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும். முதல் நாளே நிஜச் சரக்கு. கீழே நிஜ ஆளுங்க.

மகள்: என்னைச் சுத்திக் காட்டினது ஒரு மூணாவது வருஷப் பொண்ணு. அவளை அங்க எல்லாரும் ‘பன்னிரண்டு’ன்னு கூப்பிடறாங்க.

அப்பா: அது என்ன பேரு?

மகள்: அன்னைக்கு அவளுக்கு பன்னிரண்டாம் நம்பர் தியேட்டர். நாளைக்கு வேற நம்பர் போட்டா அந்த நம்பர். மூணு வருஷத்துல பேர் சொல்லிக் கூப்பிட்டவங்க ரெண்டே பேர்தானாம்.

அப்பா: பேர் என்னத்துக்கு? வேலை கத்துக்கத்தானே போறே.

மகள்: மத்தியானம் யார்கூட சாப்பிடுவீங்கன்னு அவகிட்ட கேட்டேன்.

அப்பா: அது உன் லிஸ்ட்லயே இல்லையே.

மகள்: இல்லை. வாய்ல வந்துடுச்சு. ‘ஃபோன்கூட’ன்னா. சிரிச்சுட்டேதான் சொன்னா.

அப்பா: யார்கூட சாப்பிட்டா என்ன, சோறு சோறுதானே. முப்பத்தொரு வருஷம் கிரேன் பெட்டிக்குள்ள தனியா உக்காந்துதான் தின்னேன். செத்தா போயிட்டேன்?

மகள்: இப்பவும் அப்படித்தானே சாப்பிடறீங்க.

அப்பா: இப்போ டிவி இருக்கு. அதுல நாலு பேர் கத்திக்கிட்டே இருப்பானுங்க. வீடே நிறைஞ்ச மாதிரி இருக்கும். நீ எப்படி? ஹாஸ்டல் ரூம்ல உன்கூட இருந்த பொண்ணு திரும்பி வந்துச்சா?

மகள்: இல்லை. காலி பண்ணிட்டுப் போயிட்டா. ரெண்டு கட்டிலும் என்னோடதுதான். ஒண்ணுல புஸ்தகம் படுத்துக்குது, ஒண்ணுல நான்.

அப்பா: கதவைத் தாழ் போட்டுக்கிட்டுப் படு.

மகள்: போடறேன். ஆறாவது கேள்வி, தியேட்டர் எப்படி இருக்கு?

அப்பா: பழசு. பெரிய விளக்கு இருக்குல்ல, வட்டமா, அதுல ஏழு பல்பு. ஒண்ணு எரியலை. சுவரோரமா மேல ஒரு ஈரக் கறை, ஆட்டுத்தலை மாதிரி. ஏசி காத்து நேரா மூஞ்சியில அடிக்குது. நல்ல இடம்னா இதையெல்லாம் பாக்க மாட்டானா?

மகள்: தியேட்டருக்குள்ளயா போனீங்க?

அப்பா: உள்ளே இல்லை. கதவுல கண்ணாடி இருக்குல்ல, அது வழியா பாத்தேன்.

மகள்: அது வரைக்கும் எப்படி விட்டாங்க? அதுக்கு முன்னாடி ரெண்டு கதவு இருக்குமே. என்னையே டிரெஸ் மாத்தாம விட மாட்டாங்க.

அப்பா: வாட்ச்மேன்கிட்ட பேசினேன்னு சொன்னேன்ல, அந்தப் பழக்கத்துலதான்.

மகள்: சரி... செவ்வாய்க்கிழமைதானே போனீங்க?

அப்பா: செவ்வாய்தான். என்ன, போலீஸ் மாதிரி துருவுறே?

மகள்: சும்மாதான்ப்பா. அந்த நாலாவது கேள்விக்கு வருவோம். எனக்கு அதுதான் முக்கியம். தனியா விட்டா எனக்குப் பயம். என்ன பாத்தீங்கன்னு அப்படியே சொல்லுங்க.

அப்பா: சின்னப் பொண்ணு. உன் வயசு இருக்கும். முகமூடிக்கு மேல கண்ணு மட்டும் தெரியுது, முட்டை முட்டையா. அது பாட்டுக்கு மருந்து ஏத்துது, கையைப் பிடிச்சுப் பாக்குது. சுத்திலும் ஒருத்தன் இல்லை. கத்திக்காரனுங்க துணி மறைப்புக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் இது ஒண்டியா. பாவம், புத்தி கொஞ்சம் பேதலிச்ச மாதிரியே ஆயிடுச்சு.

மகள்: ஏன்?

அப்பா: நடு நடுவுல அப்படியே மேல சுவத்தைப் பாக்குது, ‘சரி’ன்னு தலையாட்டுது. யாருமே இல்லாத இடத்தைப் பாத்து! ரெண்டு தடவை சிரிக்க வேற செஞ்சுது. மூணு வருஷம் அங்க கிடந்தா நீயும் சுவர்கூடத்தான் பேசுவே. அதான் வேணாங்கிறேன்.

மகள்: அவ எங்க நின்னா? தலைமாட்டுலயா, பக்கத்துலயா?

அப்பா: பக்கத்துல. வலது கை பக்கம்.

மகள்: பாத்தது படுத்திருக்கிறவர் தலைக்கு மேல?

அப்பா: ஆமா. தலைக்குப் பின்னால. அங்க சுவர்தான். என்ன, எழுதிட்டியா?

மகள்: அப்பா, அங்க சுவர் இல்லை. தலைமாட்டுலதான் மயக்க மெஷின் இருக்கும். பெரிய டாக்டர் அங்கதான் நிப்பாங்க. வாயைத் திறக்காம, கண்ணாலயே சொல்லிக் குடுத்திருக்காங்க. அதுக்குத்தான் அவ தலையாட்டியிருக்கா.

அப்பா: அங்க யாரும் இல்லைங்கிறேன்.

மகள்: கதவுக் கண்ணாடி வழியா பாக்கறவங்களுக்கு முதல்ல தெரியறதே அந்த ஆள்தான்ப்பா. நின்னு பாக்கற யாருக்கும் தெரியும்.

அப்பா: எனக்குக் கண்ணு சரியில்லை. கண்ணாடியை வேற எங்கயோ...

மகள்: எரியாத பல்பை எண்ணியிருக்கீங்க. மேல இருந்த கறை என்ன உருவம்னு தெரிஞ்சிருக்கு. ஏசி காத்து மூஞ்சியில அடிச்சுதுன்னு சொன்னீங்க, கதவுக்கு வெளியில எப்படி அடிக்கும்? நீங்க பாத்ததெல்லாம் கூரைதான். தலைமாட்டுல நிக்கிறவங்க ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரிய மாட்டாங்க.

அப்பா: பால் பொங்குது, நான் வெக்கிறேன்.

மகள்: நீங்க இன்னும் பத்தவே வெக்கலை! படுத்துக்கிட்டு இருக்கிற ஆளுக்குத்தான் தெரியாது. அப்பா... என்ன ஆபரேஷன்?

அப்பா: பெரிசா ஒண்ணுமில்லை.

மகள்: என்ன ஆபரேஷன்ப்பா?

அப்பா: குடல் இறங்கியிருந்துச்சு. ரொம்ப நாளாவே இருந்துச்சு, அமுக்கி விட்டா உள்ளே போயிடும். அன்னைக்குப் போகலை. வலி தாங்கலை. வண்டி பிடிச்சுப் போனேன். உடனே அறுக்கணும்னானுங்க.

மகள்: எப்போ?

அப்பா: ரெண்டு மாசம் இருக்கும்.

மகள்: என் பரீட்சை வாரம். நாலு நாள் உங்க ஃபோன் அணைஞ்சு கிடந்துச்சே... தண்ணியில விழுந்துடுச்சுன்னு சொன்னீங்களே!

அப்பா: அது விழலை.

மகள்: நானும் ‘சரிப்பா, புதுசு வாங்கிக்கோங்க’ன்னு சொல்லிட்டுப் படிக்கப் போயிட்டேன்.

அப்பா: படிக்கத்தானே சொன்னேன். இப்போ என்ன, நல்லாத்தானே இருக்கேன். தண்ணிக் குடத்தை மட்டும் தூக்குறதில்லை. பாதி பாதியா மொண்டுக்கிறேன். அழாதே. எனக்குப் பிடிக்காது.

மகள்: அழலை. முதுகுல ஊசி போட்டாங்களா?

அப்பா: முதுகுலதான். உக்கார வெச்சு, குனியச் சொல்லி. முதல் தடவை சரியா விழலை. எலும்புல இடிச்சுது. அந்தப் பொண்ணுக்குக் கை நடுங்குச்சு, முதுகுலயே தெரிஞ்சுது எனக்கு. பத்தாயிரம் டன் கப்பலுக்குள்ள முதல் பெட்டியை இறக்கினப்போ என் கை அப்படித்தான் நடுங்குச்சு. எனக்குச் சொல்லிக் குடுத்தவன் கீழேயிருந்து அம்மா ஆத்தான்னு திட்டினான். இங்க யாரும் திட்டலை. சத்தமே இல்லை. அப்புறம் ரெண்டாவது தடவை சரியா இறங்கிடுச்சு. இடுப்புக்குக் கீழே மரக்கட்டை. என் காலைத் தூக்கி வெச்சப்போ யார் காலோன்னு இருந்துச்சு.

மகள்: ரெண்டாவது தடவை போடறப்போ அந்த ஊசிக் கை தவிர வேற ஏதாவது பட்டுச்சா?

அப்பா: ஒரு கை இடுப்பெலும்பு மேல இருந்துச்சு. ஒரு கை ஊசியோட. அப்புறம் இன்னொரு கை அந்தக் கை மேல வந்து லேசா... இரு.

மகள்: எத்தனை கை ஆச்சு?

அப்பா: மூணு.

மகள்: அந்தப் பொண்ணுக்கு எத்தனைப்பா?

அப்பா: வாயை மூடு. எனக்கு எண்ணத் தெரியும்.

மகள்: திட்டாம, பேசாம, கை மேல கை வெச்சுச் சொல்லிக் குடுத்திருக்காங்க. நோயாளிக்கே தெரியலை அவங்க இருந்தது. அப்பா, நான் பன்னிரண்டு மணி நேரம் ரயில்ல போய் ஒரு ஆஸ்பத்திரியைப் பாத்துட்டு வந்தேன். அங்க இப்படி ஒரு ஆளை எனக்குக் காட்ட முடியலை.

அப்பா: இருந்துட்டுப் போகட்டும். நீ பெரிய ஆஸ்பத்திரியையே போடு.

மகள்: நாலாவது கேள்விக்கு நீங்க சொன்ன பதில்தான் தப்புன்னு ஆயிடுச்சே. இப்போ என்ன குறை அங்க?

அப்பா: பல்பு எரியலை.

மகள்: அப்பா...

அப்பா: கூரை ஒழுகுது. வேணாம்னா வேணாம். மணி என்ன?

மகள்: நாலரை. நான் ஒண்ணு சொல்றேன், கத்தக் கூடாது. காலையிலேயே போட்டுட்டேன்.

அப்பா: எதை?

மகள்: நம்ம ஊரை. முதல் இடத்துல. ஒன்பது மணிக்கே.

அப்பா: அப்புறம் எதுக்குடி இத்தனை கேள்வி? பேப்பர்ல எழுதி, தபால்ல அனுப்பி...

மகள்: கேள்வி இல்லேன்னா நீங்க பேச மாட்டீங்க. ‘சாப்டியா, சரி வெச்சுடறேன்’. ரெண்டு நிமிஷம். போன மாசம் முழுசுக்கும் நாம பேசினது பதினோரு நிமிஷம், ஃபோன்லயே காட்டுது. பத்துக் கேள்வி இருந்தா ஒரு அரை மணி நேரமாவது... அதான்.

அப்பா: மாத்து.

மகள்: இவ்ளோ சொன்னப்புறமுமா?

அப்பா: இன்னும் அரை மணி நேரம் இருக்குல்ல. மாத்து.

மகள்: நான் வீட்டுல இருந்தா உங்களுக்குத் தொந்தரவா?

அப்பா: லூசு மாதிரி பேசாதே. உன் ரூம்ல கட்டில் போட்டபடியே இருக்கு. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை தலகாணி உறையை மாத்திக்கிட்டுத்தான் இருக்கேன்.

மகள்: பின்னே? ஒன்றரை வருஷமா வரலைன்னு கோவமா? திட்டணும்னா திட்டுங்க. திட்டிட்டு சேத்துக்கோங்க.

அப்பா: கோவம் இல்லை. அந்தப் பொண்ணு அங்கதான் இருக்கு. இப்போ ரெண்டாவது வருஷம். நீ போனா உனக்கு சீனியர்.

மகள்: ரொம்ப நல்லது. முதல் நாளே போய்க் கையைப் பிடிச்சு நன்றி சொல்லுவேன். எங்கப்பாவைப் பாத்துக்கிட்டீங்கன்னு...

அப்பா: சொல்லாதே!

மகள்: ஏன்ப்பா இப்படிக் கத்தறீங்க?

அப்பா: சொல்லாதேன்னா சொல்லாதே. மாத்திடு, பாப்பா. ஒரு தடவை நான் சொல்றதைக் கேளு.

மகள்: காரணம் சொல்லுங்க, இப்பவே மாத்தறேன். கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்காந்திருக்கேன். அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு?

அப்பா: அது ஒண்ணும் பண்ணலை. டூட்டி முடிஞ்சும் வீட்டுக்குப் போகாம, என் பெட் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்துச்சு. உணர்ச்சி வந்துடுச்சான்னு கால் விரலைக் கிள்ளிக் கிள்ளிப் பாத்துச்சு. நாலு நாளும் வந்துச்சு. ‘ஐயா, உங்களுக்குப் பிள்ளைங்க யாரும் இல்லையா’ன்னு கேட்டுச்சு. இல்லேன்னுட்டேன். இப்போ நீ போய் என் பொண்ணுன்னு நின்னா அது என்னை என்னன்னு நினைக்கும்? உன்னைக் கூப்பிட்டுடுவாங்க, பரீட்சை கெட்டுடும்னுதான் அப்படிச் சொன்னேன்... ஆனா சொல்றப்போ நாக்கு கூசவே இல்லை, பாப்பா.